இலையுதிர் காலமும் பிள்ளைகளும்: இலை, கொட்டை, பரங்கிக்காய் – செய்முறையும் சறுக்கும் இடங்களும்

மழைமேகம்:
வீட்டில் 3 வயதும் 7 வயதுமாக இரண்டு பிள்ளைகள். மரங்கள் நிறம் மாறத் தொடங்கிவிட்டன. கைவினைப் பெட்டி எதுவும் வாங்காமல், கீழே கிடப்பதையும் வீட்டில் இருப்பதையும் வைத்து எல்லோருமாக உட்கார்ந்து செய்ய என்ன இருக்கிறது? முதல் கேள்வி இலைகளைப் பற்றி. புத்தகத்துக்குள் வைக்கும் சிவப்பு இலை ஐந்தாம் நாளே பழுப்பாகிவிடுகிறது, சிலவற்றில் வெள்ளைப் பூஞ்சணம் வேறு. எங்கே தவறு?

சருகுக்கூடை:
பழுப்பு, பூஞ்சணம் இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: ஈரம் போதுமான வேகத்தில் வெளியே போகவில்லை. இலையின் சிவப்பைத் தருவது ஆந்தோசயனின். அது செல்சாற்றில் கரைந்திருக்கும் நிறமி. இலை ஈரத்தோடு நாள்கணக்கில் கிடந்தால் செல் சிதைந்து சிவப்பு மங்கும், டானின் என்ற துவர்ப்புப் பொருளின் பழுப்பு மேலோங்கும். இலை எவ்வளவு சீக்கிரம் காய்கிறதோ அவ்வளவு நிறம் மிஞ்சும்.

பொறுக்குவதிலிருந்தே தொடங்க வேண்டும். மழை விட்டு ஒரு நாளாவது ஆகியிருக்கட்டும், பனி வடிந்த பிறகு, பிற்பகலில் போங்கள். அன்றைக்கு விழுந்த இலைதான் வேண்டும். மெல்ல வளைத்தால் வளைய வேண்டும், ‘நொறுக்’ என்றால் அது நேற்றைய இலை. கருப்புப் புள்ளி உள்ளதையும் பூச்சி அரித்ததையும் அங்கேயே விட்டுவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் துணியால் ஒற்றி எடுத்து, நான்கு தாள் செய்தித்தாளுக்கு மேல் ஒன்றையொன்று தொடாமல் பரப்பி, மேலே இன்னும் நான்கு தாள். பளபளப்பான பத்திரிகைத் தாள் ஈரத்தை உறிஞ்சாது, பூஞ்சணம் பெரும்பாலும் அதில்தான் வரும். மேலே ஒரு பலகை, அதற்கு மேல் 4, 5 கிலோ எடை.

எல்லோரும் விட்டுவிடும் படி இனிமேல்தான்: முதல் மூன்று நாள் தினமும் தாளை மாற்ற வேண்டும். இலையின் ஈரத்தில் பெரும்பகுதி அந்த நாட்களில்தான் தாளுக்குள் இறங்குகிறது. மாற்றாவிட்டால் ஈரத்தாளுக்கு நடுவில் இலையை ஊறவைத்த மாதிரிதான். அதன்பின் மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றினால் போதும். மெல்லிய இலைக்கு 7 நாள், தடித்த காம்புள்ளதற்கு 14 நாள் வரை ஆகும். காய்ந்ததா என்று தெரிய இலையைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது.

தாள் மாற்றுவது 3 வயதுப் பிள்ளைக்கு ஏற்ற வேலை: பழையது வெளியே, புதியது உள்ளே. பெரிய பிள்ளை ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் தேதியும் மரத்தின் பெயரும் எழுதலாம்.

கரண்டி:
இரண்டு வாரம் காத்திருக்க மூன்று வயதுக்குப் பொறுமை இருக்காது. அன்றைக்கே கையில் தர இரண்டு வழி இருக்கிறது.

ஒன்று இஸ்திரிப் பெட்டி. இரண்டு மெழுகுத்தாளுக்கு நடுவில் இலைகளை அடுக்கி, கீழே பழைய துண்டு, மேலே மெல்லிய பருத்தித் துணி. நீராவியை நிறுத்திவிட்டு நடுத்தரச் சூட்டில், தேய்க்காமல் ஒவ்வொரு இடமாக அழுத்தி எடுங்கள். இலைக்கு வெளியே உள்ள தாள் கண்ணாடி போலத் தெளிந்தால் மெழுகு உருகி ஒட்டிவிட்டது என்று பொருள். வெட்டும்போது இலையைச் சுற்றி ஒரு செ.மீ. விளிம்பு விடுங்கள். இலையை ஒட்டி வெட்டினால் இரண்டு தாளும் பிரிந்துவிடும்.

இன்னொன்று மைக்ரோவேவ். சமையலறை உறிஞ்சுதாள் இரண்டுக்கு நடுவில் வைத்து 30 விநாடி, பிறகு 10, 10 விநாடியாகக் கூட்டுங்கள். ஓரம் சுருண்டால் இன்னும் ஈரம் இருக்கிறது. பழுப்புக் கோடு விழுந்தால் கூடிவிட்டது. காய்ந்த இலை உள்ளேயே தீப்பிடிக்கும், ஆகவே பெரியவர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

மழைமேகம்:
நன்றி. ஓவனுக்குப் பயன்படுத்தும் பேக்கிங் தாளில் இஸ்திரி போட்டால் ஒட்டவே மாட்டேன் என்கிறதே?

கரண்டி:
ஒட்டாது. பேக்கிங் தாளின் பூச்சு சிலிக்கோன், எதுவும் ஒட்டக் கூடாது என்பதற்காகவே பூசியது. மெழுகுத்தாளில் இருப்பது உருகும் மெழுகு. பார்வைக்கு இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். நகத்தால் சுரண்டிப் பாருங்கள், மெழுகுத்தாளில் வெள்ளைத் தூளாகக் கோடு விழும்.

ஓரிலை:
காயவைத்த இலை ஒரு மாதத்தில் உடைந்து பொடியாகும். தோரணம் கட்டவோ ஜன்னலில் ஒட்டவோ நினைத்தால் கிளிசரின் முறைதான் என் தேர்வு. ஒரு பங்கு கிளிசரின், இரண்டு பங்கு தண்ணீர், தட்டையான தட்டில் விரல் உயரத்துக்கு. இலைகளை மூழ்கவைத்து மேலே இன்னொரு தட்டை அமுக்கி வையுங்கள், இல்லாவிட்டால் மிதந்து வந்து பாதி மட்டும் ஊறும். 2 முதல் 6 நாள். இலை துணி மாதிரித் தொய்வானதும் எடுத்துத் துடைத்துவிடலாம். தண்ணீர் போன இடத்தில் கிளிசரின் உட்கார்ந்துகொள்வதால் அது மடங்கும், உடையாது. நிறம் ஓரளவு கருமையாகும். ஏற்கெனவே மொறுமொறுப்பான இலை கிளிசரினை இழுக்காது.

சருகுக்கூடை:
கிளிசரினில் தொய்வு கிடைக்கும், ஆனால் நிறம் அடங்கிவிடும், அதுதான் குறை. மேப்பிள் போன்ற பளீர்ச் சிவப்புக்கு நான் தேன்மெழுகைத்தான் சொல்வேன். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகும். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள், மெழுகுப் பாத்திரத்தை நேரே அடுப்பில் வைத்தால் தீப்பிடிக்கலாம். காம்பைப் பிடித்து இலையை ஒரே முக்கு, உடனே எடுத்து உதறி, பேக்கிங் தாளில் வையுங்கள் (ஒட்டாத தாள் உதவும் இடம் இதுதான்). இலையில் வெள்ளையாகக் கட்டி தட்டினால் மெழுகு ஆறிவிட்டது, இலை சுருங்கிப் பழுப்பானால் மிகச் சூடு. இலையில் துளி ஈரம் இருந்தாலும் மெழுகு தெறிக்கும், பூச்சும் உரிந்துவரும். முக்குவது பெரியவர் வேலை. ஆறியதை நூலில் கோப்பதை 7 வயது பார்த்துக்கொள்ளும்.

வேர்நுனி:
இந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகள் கேட்பார்கள். அதற்குப் பதிலை அவர்கள் கையாலேயே எடுக்க வைக்கலாம்.

பகல் குறையக் குறைய இலைக்காம்பின் அடியில் தக்கை போன்ற ஒரு அடுக்கு வளர்ந்து, மரத்துக்கும் இலைக்கும் இடையே போக்குவரத்தை அடைக்கிறது. மரம் பச்சையத்தைப் புதுப்பிப்பதை நிறுத்துகிறது, இருப்பதும் சிதைகிறது. மஞ்சளும் ஆரஞ்சுமான கரோட்டினாய்டு கோடையிலேயே இலையில் இருந்ததுதான், பச்சைக்குப் பின்னால் மறைந்திருந்தது. சிவப்பு அப்படியல்ல. இலையில் தங்கிவிட்ட சர்க்கரையைக் கொண்டு பெரும்பாலும் இப்போதுதான் உருவாகிறது. வெயிலான பகலும், உறையாத அளவுக்குக் குளிர்ந்த இரவும் தொடர்ந்து வந்தால் சிவப்பு தூக்கலாக இருக்கும்.

செய்துகாட்ட: இன்னும் பச்சையாக உள்ள இலை ஐந்தாறு. பொடிப்பொடியாகக் கிழித்து (3 வயது இதை மிகுந்த ஆர்வத்தோடு செய்யும்) சின்னக் கண்ணாடி டம்ளரில் போட்டு, இலை மூழ்கும் அளவு மட்டும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் (கிருமிநீக்கத்துக்கு மருந்துக்கடையில் விற்பது) ஊற்றிக் கரண்டிக் காம்பால் நசுக்குங்கள். ஆல்கஹால் ஊற்றுவது பெரியவர். பிளாஸ்டிக் தாளால் மூடி, குழாய் வெந்நீர் நிரப்பிய கிண்ணத்தில் 30 நிமிடம் வையுங்கள். வெந்நீர் ஆறினால் மாற்றுங்கள். அடுப்புப் பக்கம் போகவே வேண்டாம், ஆவி தீப்பற்றும். ஜன்னல் திறந்திருக்கட்டும். திரவம் அடர்பச்சை ஆனதும் காபி வடிகட்டும் தாளில் 2 செ.மீ. அகலப் பட்டை வெட்டி, நுனி மட்டும் திரவத்தைத் தொடும்படி ஒரு பென்சிலில் தொங்கவிடுங்கள். 30 முதல் 90 நிமிடத்தில் பச்சைக்குப் பக்கத்தில் மெல்லிய மஞ்சள் பட்டை தனியே தெரியும். பச்சை இலைக்குள் மஞ்சள் ஒளிந்திருந்ததைப் பிள்ளை கண்ணால் பார்க்கும் இடம் அது.

வராமல் போவதற்கு இரண்டு காரணங்கள்: ஆல்கஹால் அதிகமாகித் திரவம் வெளுத்துப்போவது, பட்டை டம்ளர் சுவரில் ஒட்டி நிறம் ஓரமாக ஏறிவிடுவது.

மழைமேகம்:
இலை பொறுக்கும்போதே ஓக் கொட்டை, பைன் கூம்பு எல்லாம் பை நிறைய வந்துவிடுகிறது. கொட்டை டப்பாவில் வெள்ளைப் புழு. என்ன செய்வது?

ஓக்கடி:
அது ஓக் கொட்டைக்குள் வளரும் ஒரு வண்டின் புழு. தாய்வண்டு கோடையிலேயே பிஞ்சில் துளையிட்டு முட்டை வைத்துவிடும், இலையுதிர் காலத்தில் புழு வட்டத் துளை போட்டுக்கொண்டு வெளியே வரும். கடிக்காது, வீட்டுச் சாமானையும் அரிக்காது. பிள்ளைகள் பார்த்த பிறகு மண்ணில் விட்டுவிடுங்கள், அது போக நினைத்த இடமே அதுதான்.

இனி வராமல் இருக்க முதலில் வாளித் தண்ணீரில் கொட்டுங்கள். மிதப்பவற்றில் பெரும்பாலானவை புழு தின்ற பொக்கு, அவற்றை மரத்தடியிலேயே போட்டுவிடலாம். மூழ்கியதைத் துடைத்து, தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி, ஓவனில் 95 டிகிரியில் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம், நடுவில் இரண்டு முறை கிளறி எடுங்கள். அதற்கு மேல் சூடு வைத்தால் ஓடு வெடிக்கும். காயும்போது கொட்டை சுருங்குவதால் தொப்பி கழன்றுவிடும், ஆகவே பசை போடுவதைக் காய்ந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். காயாததை மூடிபோட்ட டப்பாவில் வைத்தால் மூன்றே நாளில் பூஞ்சணம்.

பைன் கூம்பைக் கழுவும்போது ஒரு வேடிக்கை இருக்கிறது. விரிந்த கூம்பைக் குளிர்ந்த தண்ணீரில் அமிழ்த்தி வையுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் செதில்கள் மூடத் தொடங்கும். செதிலின் வெளிப்புறம் உட்புறத்தைவிட அதிகம் ஊதுவதால் அது உள்நோக்கி வளைகிறது. காய்ந்தால் திரும்ப விரியும். மரத்திலிருந்து விழுந்து எத்தனை நாளானாலும் இது நடக்கும். விரிக்க ஓவனில் 95 டிகிரி, 30 முதல் 45 நிமிடம். பிசின் உருகி வழியும், தட்டில் தாள் விரிக்க மறக்காதீர்கள். மூடிய கூம்புக்கு வர்ணம் அடித்தால் அது விரிந்ததும் பாதி இடம் வெறுமையாக நிற்கும்.

ஒரு எச்சரிக்கை: ஹார்ஸ் செஸ்ட்நட்டும் சாப்பிடும் செஸ்ட்நட்டும் ஒன்றல்ல. ஹார்ஸ் செஸ்ட்நட்டின் பச்சை உறையில் குட்டையான முட்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும், உள்ளே கொட்டை வழுவழுப்பாக உருண்டிருக்கும். அது விஷம். சாப்பிடும் வகையின் உறை முள்ளெலி மாதிரி நெருக்கமான ஊசிகள், கொட்டையின் நுனியில் குஞ்சம் போன்ற கூர்முனை. சந்தேகம் இருந்தால் விளையாடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 3 வயதுக்கு எந்தக் கொட்டையும் தொண்டையில் சிக்கும் அளவுதான், கண் பார்வையில் மட்டும் கொடுங்கள்.

நடைவழி:
இலைக் குவியலில் குதிப்பதை யாரும் சொல்லவில்லையே! பிள்ளைகள் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

குவியல் காய்ந்த இலையாகவும் குறைந்தது அரை மீட்டர் உயரமாகவும் இருக்கட்டும். நனைந்த இலை தாங்காது, வழுக்கும். குச்சியும் கல்லும் வாருகோலில் சேர்ந்து வரும், ஆகவே ஒரு முறை குவித்து, கலைத்து, மீண்டும் குவியுங்கள். நாய் எச்சம் இருந்தால் அப்போது தெரிந்துவிடும். சாலையோரம் குவிக்கக் கூடாது, இலைக்குள் பிள்ளை இருப்பது வண்டி ஓட்டுபவருக்குத் தெரியாது. பல நாள் கிடந்த பழைய குவியலில் குதிக்க விடாதீர்கள், அடியில் சிற்றுயிர்கள் குளிர்காலத்துக்குக் குடியேறியிருக்கும்.

காட்டோரமாக இருந்தால் உண்ணி இருக்கும். குளிர் வந்துவிட்டதே என்று நினைக்க வேண்டாம், உறையும் குளிர் வரும்வரை அது நடமாடும். கால்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகிவிடுங்கள். வீடு திரும்பி இரண்டு மணி நேரத்துக்குள் குளியல். காதின் பின்புறம், முடியோரம், அக்குள், தொப்புள், முழங்காலின் பின்புறம், இடுப்புப்பட்டி அழுத்திய இடம் – இவற்றை விரலால் தடவிப் பாருங்கள். துணிகளை உலர்த்தும் இயந்திரத்தில் அதிகச் சூட்டில் 10 நிமிடம் போட்டால் ஒட்டிவந்தது செத்துவிடும். கடித்துக்கொண்டிருந்தால் கூர்நுனி இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக மேலே இழுங்கள். எண்ணெய் தடவுவதும் நெருப்பு காட்டுவதும் கூடவே கூடாது. பின்னால் தடிப்போ காய்ச்சலோ வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வேர்நுனி:
மண் உறைவதற்கு முன், வசந்தத்தில் பூக்கும் டியூலிப், குரோக்கஸ் கிழங்குகளை நட்டுவிடுங்கள். ஆழம், கிழங்கின் உயரத்தைப் போல மூன்று மடங்கு. ஒரு குச்சியில் 15 செ.மீ. கோடு போட்டுக் கொடுத்தால் டியூலிப் குழியைப் பிள்ளையே அளந்துகொள்ளும், குரோக்கஸுக்கு 8 போதும். கூர்முனை மேலே. எது மேல் என்று தெரியாவிட்டால் படுக்கவைத்து நடுங்கள், தண்டு வழி தேடிக்கொள்ளும். அமுக்கினால் மெத்தென்று இருப்பது அழுகல், வேண்டாம். டாஃபடில் கிழங்கு பார்க்க வெங்காயம் போலவே இருக்கும், ஆனால் விஷம். சமையலறை மேசையில் வைக்காதீர்கள், நட்டதும் எல்லோரும் கை கழுவுங்கள்.

மழைமேகம்:
பரங்கிக்காய் விளக்கு செய்ய ஆசைப்படுகிறார்கள். மூன்றே நாளில் அழுகிவிடும் என்கிறார்களே?

கரண்டி:
வெட்டியது சூடான இடத்தில் மூன்று நாள், குளிர்ந்த இடத்தில் ஒரு வாரம். அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள், தேவைக்கு இரண்டு நாள் முன்பு வெட்டினால் போதும்.

வாங்கும்போது காம்பு கெட்டியாக இருக்க வேண்டும், அடிப்பக்கத்தை அமுக்கினால் உள்வாங்கக் கூடாது. காம்பைப் பிடித்துத் தூக்காதீர்கள், கழன்ற இடத்தில்தான் அழுகல் தொடங்கும். மூடியை நேராக வெட்டினால் உள்ளே விழுந்துவிடும். கத்தியை 45 டிகிரி சாய்த்து, முனை காயின் நடுவை நோக்கும்படி வெட்டுங்கள். விளிம்பில் ஒரு இடத்தில் ஆப்பு மாதிரி சின்ன வெட்டு விட்டால் திரும்ப மூடும்போது பொருத்தம் தெரியும்.

சுரண்டுவது பிள்ளைகள் பங்கு, ஐஸ்கிரீம் கரண்டி நன்றாக வேலை செய்யும். முகம் வரும் பக்கத்தின் சுவரை 2.5 செ.மீ. கனத்துக்குக் கொண்டுவாருங்கள். அதைவிடத் தடிமனானால் கத்தி சிக்கும், மெல்லியதானால் இரண்டாம் நாளே வாடி முகம் உள்வாங்கும். முகத்தைப் பிள்ளை வரையட்டும், ரம்பப்பல் உள்ள சின்னக் கத்தியால் பெரியவர் வெட்டட்டும். முதலில் கண், மூக்கு, கடைசியில் வாய். பெரிய ஓட்டையை முதலில் போட்டால் சுவர் பலமிழந்து, சின்னதை வெட்டும்போது விரிசல் விடும்.

வெட்டி முடித்ததும், 1 லிட்டர் தண்ணீருக்கு 1 மேசைக்கரண்டி வெளுப்புத் திரவம் கலந்து பெரியவர் உட்புறம் தெளித்துக் காயவிடலாம். வெட்டு விளிம்பில் வாசலின் தடவினால் வாடுவது தள்ளிப்போகும். உள்ளே பேட்டரி விளக்கு வையுங்கள். மெழுகுவத்தியின் சூடு காயை உள்ளிருந்தே வேகவைக்கிறது, பிள்ளைகளின் உடையும் பக்கத்தில் இருக்கும். 3 வயதுக்குத் தனியாக ஒரு சின்னக் காய், வெட்டவே வேண்டாம், துடைத்துக் காயவைத்து வர்ணம் அடிக்கட்டும். அது பல வாரம் நிற்கும்.

விதையைக் கொட்டிவிடாதீர்கள். தண்ணீரில் போட்டுப் பிசைந்தால் விதை மிதக்கும், நார் பெரும்பாலும் கையோடு வரும். 2 கப் தண்ணீரில் 1 டீஸ்பூன் உப்பு போட்டு 10 நிமிடம் கொதிக்கவைத்து, துணியில் நன்றாக உலர்த்தி, கப்புக்கு 1 டீஸ்பூன் எண்ணெய் பிசறி, 165 டிகிரியில் 15 முதல் 20 நிமிடம். ஈரத்தோடு போட்டால் வெளியே கருகும், உள்ளே ரப்பராகும். ஓடுள்ள விதை சின்னப் பிள்ளைக்கு வேண்டாம், தொண்டையில் அடைக்கும்.

மழைமேகம்:
அருமை. செலவே இல்லாமல், ஒரு தடவையோடு முடியாமல், வாராவாரம் தொடரும்படி ஒன்று கிடைக்குமா?

சருகுக்கூடை:
நிழல் அளவுங்கள். வெயில் படும் சமதளத்தில் 1 மீட்டர் குச்சியைச் செங்குத்தாக நட்டு, வாரம் ஒரு நாள், நண்பகல் ஒட்டி, ஒரே நேரத்தில் நிழலின் நுனியில் ஒரு கல் வையுங்கள். சின்னது கல் வைக்கும், பெரியது நாடாவால் அளந்து எழுதும். வட அரைக்கோளத்தில் செப்டம்பர் 22 அல்லது 23-இல் பகலும் இரவும் ஏறக்குறைய சமம். 40 டிகிரி வட அட்சத்தில் அன்றைய நண்பகல் நிழல் சுமார் 84 செ.மீ. ஒரு மாதம் கழித்து சுமார் 123, நவம்பர் 22 வாக்கில் சுமார் 173. கற்களின் வரிசை நீண்டுகொண்டே போவதைப் பிள்ளைகளே பார்ப்பார்கள். தென் அரைக்கோளத்தில் இதை மார்ச் 20 வாக்கில் தொடங்க வேண்டும்.

குச்சி சாய்ந்தால் எல்லா அளவும் கெடும், ஒரு நூலில் கல் கட்டிப் பக்கத்தில் தொங்கவிட்டுச் சரிபாருங்கள். இலையுதிர் காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பும் ஊரானால், அதுவரை 1 மணிக்கு அளந்ததை அன்றிலிருந்து 12 மணிக்கு அளக்க வேண்டும்.